தூண்டில் ராடு கட்டும் மேசைக்கு நல்ல வெளிச்சம்: 25 பயனுள்ள குறிப்புகள்

சொந்தக் கையால் தூண்டில் ராடு கட்டுபவர்கள் பிளாங்க் எனப்படும் வெற்றுக் கம்பு, தூண்டில் நரம்பு ஓடும் கைடு வளையங்கள், தக்கைக் கைப்பிடி, ரீல் பொருத்தும் இருக்கை என்று ஒவ்வொன்றையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். வெளிச்சத்துக்கு மட்டும் அறையில் ஏற்கெனவே எரியும் டியூப்லைட்டே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

கைடின் காலைப் பிளாங்கோடு சேர்த்துக் கட்டும் நூல் மிக மெல்லியது. பரவலாகப் பயன்படும் ‘ஏ’ அளவு நூலின் தடிமன் ஏறத்தாழ 0.15 மி.மீ. ஒரு சென்டிமீட்டர் நீளக் கட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் இருக்கும். அதில் ஒரு சுற்று விலகியிருப்பது கட்டின் மேல் எபாக்ஸிப் பிசின் பூசும் முன் கண்ணில் பட்டால் நகத்தாலேயே தள்ளிச் சேர்த்துவிடலாம். எபாக்ஸி இறுகிய பிறகு கண்ணில் பட்டால் கட்டு முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல வெளிச்சம் உழைப்பை மிச்சப்படுத்துவது இந்த இடத்தில்தான்.

அதற்குப் பெரிய விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து, என்ன நிறத்தில் ஒளி விழுகிறது என்பதும் முக்கியம். வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இது மாறும்.

வாங்கும் முன்

1. வாட்டைவிட லூமனைப் பாருங்கள். வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரம். விளக்கு வெளியிடும் ஒளியின் அளவு லூமன். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமனும், நான்கடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஏறத்தாழ 2000 லூமனும் தரும். ஒரே வாட்டில் இரண்டு விளக்குகள் இருந்தால் அட்டைப் பெட்டியில் லூமன் எண் கூடுதலாக உள்ளதை எடுங்கள்.

2. மேசைமேல் 1000 லக்ஸ் இருக்கட்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியின் அளவு லக்ஸ். ஐரோப்பியத் தர நிர்ணயமான இ.என். 12464-1, அலுவலகத்தில் எழுதப் படிக்க 500 லக்ஸும், நகை செய்ய 1000 லக்ஸும், கையால் கைக்கடிகாரம் செய்ய 1500 லக்ஸும் வேண்டும் என்கிறது. நூல் சுற்றும் வேலையை நகை வேலையோடு சேர்க்கலாம். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. அவை காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனாலும் மேசையின் எந்த மூலை இருட்டாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

3. வயதையும் கணக்கில் சேருங்கள். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். 20 வயதில் விழித்திரைக்குச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேர்கிறது. மகனுக்குப் போதுமான விளக்கு அப்பாவுக்குப் போதாமல் போவது இதனால்தான். ஐம்பதைத் தாண்டியவர்கள் 1500 லக்ஸுக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

4. ஒளியின் நிறம் 4000 முதல் 5000 கெல்வின். 2700 கெல்வின் விளக்கு மஞ்சளாக எரியும். அதன் அடியில் வெள்ளை நூலும் சந்தன நிற நூலும் ஒன்றுபோலத் தெரியும். 6500 கெல்வின் விளக்கில் நீலம் தூக்கலாக இருக்கும். பலருக்கு நெடுநேரம் பார்க்கக் கண் கூசும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் மேசை வேலைக்கு இதமானது. மேசையில் உள்ள எல்லா விளக்குகளும் ஒரே கெல்வின் எண்ணில் இருக்கட்டும். கலந்து மாட்டினால் ஒரே நூல் இரு பக்கமும் இரு நிறமாகத் தெரியும்.

5. சி.ஆர்.ஐ. 90க்கு மேல். பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் சி.ஆர்.ஐ. முழு மதிப்பெண் 100. சாதாரண எல்.இ.டி. விளக்குகள் 80 அளவில் இருக்கும். அவற்றின் அடியில் சிவப்பு மங்கிப்போகும். மெரூன், அரக்கு, செம்பு நிற நூல்களைப் பிரித்தறிவது சிரமமாகும். கைடுக்கு ஓரமாக மெல்லிய வேற்று நிறப் பட்டை கட்டி அழகு பார்ப்பவர்கள் இந்த எண்ணில் சமரசம் செய்ய வேண்டாம்.

6. துடிக்காத விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் தரமற்ற எல்.இ.டி.யும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தலைவலியைக் கொண்டுவரும். கடையிலேயே சோதிக்கலாம். விளக்கின் கீழே ஒரு பென்சிலை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். தொடர்ச்சியாக மங்கலான தடம் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் துடிக்கிறது. தக்கைக் கைப்பிடியைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றித் தேய்ப்பவர்களுக்கு இது பாதுகாப்பு விஷயமும்கூட. துடிக்கும் ஒளியில், வேகமாகச் சுழலும் பொருள் நிற்பதுபோலத் தோன்றக்கூடும்.

7. நீள வேலைக்கு நீள விளக்கு. ராடின் நீளம் ஆறடி, ஏழடி. நுனி வளையத்தைத் தவிர்த்து அடிக்கு ஒரு கைடு என்பது பொதுக் கணக்கு. குடை வடிவ மேசை விளக்கு ஒரு வட்டத்துக்கு மட்டும் ஒளி தரும். கைடு மாறும்போதெல்லாம் அதையும் நகர்த்த வேண்டியிருக்கும். நான்கடி டியூப்லைட் முதல் விளக்காக இருந்தால், நூல் தாங்கியும் கைகளும் போகும் இடமெல்லாம் வெளிச்சம் இருக்கும்.

8. சூடு வீசும் விளக்கு வேண்டாம். ஹாலஜன் பல்பும் பழைய குண்டு பல்பும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்குகின்றன. சூடு ஏறினால் கலக்கிய எபாக்ஸி சீக்கிரம் கெட்டியாகிவிடும். கோடை வெயிலிலேயே பூசுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடுகிறது. விளக்கும் சேர்ந்து குறைக்க வேண்டாம். எல்.இ.டி. வாங்கும்போது பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது

9. விளக்கைக் கீழே இறக்குங்கள். அதிக வாட் விளக்கு வாங்குவதைவிடச் செலவில்லாத வழி இது. 2000 லூமன் டியூப்லைட் கூரையடியில் இருந்தால் மேசையில் 200 லக்ஸ் அளவே சேரும். அதையே சங்கிலி போட்டு மேசைக்கு மேல் 60 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் 1000 லக்ஸை நெருங்கும். சிறிய மேசை விளக்கென்றால் வித்தியாசம் இன்னும் அதிகம். தூரம் பாதியானால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

10. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு முதன்மை ஒளி இடது முன்பக்கத்திலிருந்தும், இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது முன்பக்கத்திலிருந்தும் வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருக்கும் விளக்கு எவ்வளவு பெரியதானாலும் உங்கள் தலையின் நிழலைத்தான் வேலைமேல் போடும்.

11. இரண்டாவது விளக்கு எதிர்ப் பக்கத்தில். மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டும், வளைத்து நிறுத்தக்கூடிய கை உள்ள ‘வளைகை விளக்கு’ ஒன்றை எதிர்ப் பக்கம் வையுங்கள். முதல் விளக்கைவிட இது மங்கலாக இருக்கட்டும். இரண்டும் சமமாக இருந்தால் நூலின் மேடுபள்ளம் தட்டையாகத் தெரியும். ஒன்று தூக்கலாகவும் மற்றது துணையாகவும் இருந்தால் ஒவ்வொரு சுற்றும் தனித்துத் தெரியும்.

12. பல்பு கண்ணில் படக் கூடாது. உட்கார்ந்த நிலையில் விளக்கின் எரியும் பகுதி கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் கண்மணி சுருங்கிவிடும். வேலை இருட்டாகத் தோன்றும். பால்நிற மூடி உள்ள விளக்கோ, முன்பக்கம் ஒரு தடுப்பு அட்டையோ போதும். மெட்டாலிக் நூல் சுற்றும்போதும் கண்ணாடிபோல் மின்னும் பிளாங்கைக் கையாளும்போதும் இது கட்டாயம்.

13. மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இடம் மாற்றுங்கள். இறக்கையின் நிழல் மேசையில் ஓடிக்கொண்டே இருக்கும். கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். விசிறியின் சுற்றளவுக்கு வெளியே மேசையைத் தள்ளிப் போடுவது எளிய தீர்வு. எபாக்ஸி பூசும் நேரத்தில் தூசி பறக்காமல் இருக்கவும் விசிறியிலிருந்து விலகியிருப்பது நல்லது.

14. அறை இருட்டாக இருக்க வேண்டாம். மேசையில் மட்டும் ஒளி வெள்ளம், சுற்றிலும் இருள் என்றால், ஒவ்வொரு முறை தலை நிமிரும்போதும் கண் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். மேசை ஒளியில் மூன்றில் ஒரு பங்காவது சுற்றுப்புறத்தில் இருக்கட்டும். மேசைக்கு எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளியே பாதி உதவி செய்யும்.

15. இரு நிற விரிப்பு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு கார்பன் பிளாங்கில் கறுப்பு நூல் சுற்றும்போது பின்னால் வெள்ளை அட்டை வேண்டும். வெள்ளை, மஞ்சள் நூலுக்குப் பின்னால் கருநீலத் துணி வேண்டும். இரண்டும் பளபளப்பு இல்லாதவையாக இருக்கட்டும். மேசைக்குக் கண்ணாடி போடாதீர்கள். விளக்கின் பிம்பம் கீழிருந்து கண்ணில் அடிக்கும்.

16. லென்ஸ் விளக்கில் 3 டயாப்டர் போதும். வட்ட எல்.இ.டி. சூழ்ந்த உருப்பெருக்கி விளக்குகளில் 3 டயாப்டர் லென்ஸ் 1.75 மடங்கும், 5 டயாப்டர் லென்ஸ் 2.25 மடங்கும் பெரிதாக்கும். எண் கூடினால் லென்ஸுக்கும் வேலைக்கும் இடையே கை புழங்கும் இடம் குறையும். 3 டயாப்டரில் ஓர் அடி தூரம் கிடைக்கும். 5 டயாப்டரில் 20 செ.மீ. மட்டுமே. வேலை முடிந்ததும் லென்ஸை மூடி வைக்க மறக்காதீர்கள். ஜன்னல் வெயில் அதன் வழியாகக் குவிந்து தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

வேலை செய்யும்போது

17. பிளாங்கைத் தாழ்ந்த ஒளியில் உருட்டிப் பாருங்கள். கட்டத் தொடங்கும் முன் மேல்விளக்கை அணைத்துவிட்டு, வளைகை விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பிளாங்கின் மேல் சாய்வாக ஒளி படச் செய்யுங்கள். நேர் ஒளியில் மறைந்துகிடக்கும் கீறலும் நசுங்கலும் சிறு நிழலாக எழுந்து தெரியும். கார்பன் பிளாங்கில் ஆழமான கீறல் இருந்தால் பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். கைடு வளையத்தின் உட்புறத்தையும் பஞ்சுக் குச்சியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் பீங்கானில் விரிசல் இருக்கிறது.

18. கைடுகளை நேராக்க வெள்ளைச் சுவர். கைடுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க மேசை விளக்கு உதவாது. ராடின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, சீராக ஒளி பட்ட வெள்ளைச் சுவரையோ வெயில் நேராகப் படாத ஜன்னலையோ நோக்கிப் பாருங்கள். வளையங்கள் கறுப்புக் கோட்டுருவமாகத் தெரியும். ஒன்று சற்றே விலகியிருந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

19. நூல் நிறத்தைப் பகலில் முடிவு செய்யுங்கள். விளக்கொளியில் பொருந்தும் இரு நூல்கள் வெயிலில் பொருந்தாமல் போவதுண்டு. ராடு வாழப்போவது வெயிலில்தான். நைலான் நூலுக்கு நிறம் காக்கும் திரவம் பூசாமல் நேராக எபாக்ஸி பூசினால் நூல் ஒளி ஊடுருவுவதாக மாறிப் பிளாங்கின் கருமையை வாங்கிக்கொள்ளும். துண்டுக் கம்பில் கொஞ்சம் சுற்றி, ஆல்கஹாலால் நனைத்து, ஜன்னலருகே பிடித்தால் இறுதி நிறம் எப்படி வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

20. எபாக்ஸி கலக்கும்போது பக்க ஒளி. இரு பாகத் திரவங்களும் முழுமையாகக் கலக்காவிட்டால் பூச்சு சில இடங்களில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கலக்கும் கோப்பை ஒளி ஊடுருவுவதாக இருக்கட்டும். கருநிறத் துணியின் முன்னே வைத்து, பக்கத்திலிருந்து ஒளி கொடுங்கள். கலக்காத திரவம் நெளியும் கோடுகளாகத் தெரியும். அவை முற்றிலும் மறையும்வரை நிதானமாகக் கலக்குங்கள்.

21. பூச்சின் மேல் டியூப்லைட்டின் பிம்பத்தைப் படியுங்கள். நீள விளக்கை ராடுக்கு இணையாக மாட்டியவர்களுக்குக் கிடைக்கும் பெரிய பயன் இது. ஈரமான எபாக்ஸியில் விளக்கு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். சுழற்றும் மோட்டாரில் ராடு மெல்லச் சுழலும்போது அந்தக் கோடு நேராக இருந்தால் பூச்சு சமம். வளைந்தால் அங்கே மேடு அல்லது பள்ளம். கோட்டில் புள்ளி விழுந்தால் குமிழி. கோடு வட்டமாக உடைந்தால் எண்ணெய்ப் பிசுக்கால் எபாக்ஸி ஒதுங்குகிறது என்று பொருள். முதல் பத்து நிமிடங்களில் இதைப் பார்த்துத் திருத்துங்கள்.

22. ஸ்பிரிட் விளக்கின் சுடரில் கவனம். குமிழி உடைக்கச் சிலர் ஸ்பிரிட் விளக்கைப் பயன்படுத்துவார்கள். அதன் சுடர் வெளிர் நீலம். பிரகாசமான ஒளியில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று கை வைத்துச் சுட்டுக்கொள்வது எளிது. பற்றவைக்கும் முன் மேசை விளக்கில் ஒன்றை அணைத்துவிடுங்கள். ஆல்கஹால், அசிட்டோன் புட்டிகளை மூடித் தள்ளி வையுங்கள்.

23. பிசினுக்கும் புறஊதாக் கதிருக்கும் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். புறஊதா ஒளியில் இறுகும் பிசின் பயன்படுத்துபவர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பூச வேண்டும். வெயில் பட்டால் தூரிகையிலேயே இறுகத் தொடங்கும். இறுக்கும் டார்ச்சை நேராகப் பார்க்கக் கூடாது. அதற்கான பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள். சாதாரண எபாக்ஸி பூசிய ராடையும் ஜன்னல் வெயிலில் சேமித்து வைக்காதீர்கள், நாளடைவில் மஞ்சளாகும்.

24. பூச்சியையும் மின்தடையையும் நினைவில் வையுங்கள். மழைக்காலத்தில் ஈசலும் கொசுவும் விளக்கைத் தேடி வந்து ஈர எபாக்ஸியில் ஒட்டிக்கொள்ளும். பூசும் வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில்தான் என்றால் ஜன்னலுக்கு வலை போடுங்கள். குமிழிகளைச் சரிபார்த்ததும் மேசை விளக்கை அணைத்துவிட்டு ராடை இருட்டில் சுழலவிடுங்கள். எபாக்ஸி வழியாமல் இருக்கப் பல மணி நேரம் சுழல வேண்டும் என்பதால், சுழற்றும் மோட்டார் இன்வெர்ட்டர் இணைப்பில் இருப்பது நல்லது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் சார்ஜ் செய்த அவசர விளக்கு ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். மின்சாரம் போனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையால் அரைச் சுற்று திருப்பிவிட அது உதவும்.

25. துடையுங்கள், பிறகு வரிசையாக வாங்குங்கள். தூசி படிந்த மூடி ஒளியைக் கணிசமாகக் குறைக்கும். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறியபின் உலர்ந்த துணியால் துடையுங்கள். கடலோர வீடுகளில் உப்புக் காற்று திருகையும் சுருள்வில்லையும் துருப்பிடிக்க வைக்கும். அங்கே அலுமினிய உடல் கொண்ட விளக்கு நெடுநாள் உழைக்கும். விளக்கின் ஒயர் கடைசல் இயந்திரத்தின் பக்கம் தொங்காமல் கட்டிவிடுங்கள். இருக்கும் விளக்கை முதலில் துடைத்து, கீழே இறக்கிப் பாருங்கள். அதன்பிறகும் குறை இருந்தால் சி.ஆர்.ஐ. 90 உள்ள நான்கடி டியூப்லைட், அடுத்து வளைகை விளக்கு, கடைசியாக லென்ஸ் விளக்கு என்ற வரிசையில் வாங்குங்கள். முதல் இரண்டு விளக்குகள் சரியான இடத்தில் அமைந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது தேவைப்படாது. மிச்சமாகும் பணத்தில் இன்னும் நல்ல கைடுகளை வாங்கலாம்.